அறிவியல் சிந்தனை: தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துமா?

மேலப்பாளையத்திலிருந்து ஒரு சகோதரி நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கின்றார். பத்தாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகன் குளித்துவிட்டு வந்த ஈரக்கையோடு மோட்டார் சுவிட்சைப் போடப் போயிருக்கின்றான். உம்மா பதறிப்போய்த் தடுத்திருக்கின்றார். அதற்கு அவன், "உம்மா, உங்களுக்குத் தெரியாது, தூய தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தாது என்று எங்கள் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது" என்று பதில் சொல்லிவிட்டானாம். "பாடப்புத்தகம் பொய் சொல்லுமா? அல்லது நம் பெரியவர்கள் இத்தனை காலமும் சொல்லி வந்தது வீண் பயமா?" என்று அச்சகோதரி கேட்கின்றார்.

பையன் படித்தது சரி. உம்மா பதறியதும் சரி. பையன் கவனிக்கத் தவறியது 'தூய' என்னும் ஒரே ஒரு சொல்லைத்தான். அந்தச் சொல் எத்தனை பெரியது என்பதை விளக்கவே இம்மாதப் பக்கங்களை ஒதுக்கியிருக்கின்றோம்.

தண்ணீரையும் மின்சாரத்தையும் சேர்த்துத் தவறாக எண்ணுவது புதிதன்று. அணைகள் எழும்பிய காலத்தில், 'கரண்ட் எடுத்த தண்ணீரில் சத்து இருக்காது, அது பயிருக்கு ஆகாது' என்ற பேச்சு நாட்டின் பல பகுதிகளில் உலவியதாகச் சொல்வார்கள். நம்முடைய பாபநாசம் நீர்மின் நிலையம் 1944ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. பைக்காராவுக்கும் மேட்டூருக்கும் அடுத்தபடியாக அன்றைய சென்னை மாகாணத்தில் எழுந்த நீர்மின் நிலையம் அது. அங்கே தண்ணீருக்குள்ளிருந்து எவரும் மின்சாரத்தைப் பிழிந்தெடுப்பதில்லை. உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகின்றது; சக்கரம் மின்னாக்கியைச் சுழற்றுகின்றது. தண்ணீர் இழப்பது உயரத்தை மட்டுமே. அதன் பின்னர் அதே தண்ணீர்தான் கன்னடியன் கால்வாயிலும் பாளையங் கால்வாயிலும் ஓடி நெல்லை விளைவிக்கின்றது. தாமிரம் என்றால் செம்பு. மின்கம்பிகளுக்கு மிகவும் உகந்த உலோகங்களுள் ஒன்று அது. ஆனால் தாமிரபரணியின் பெயரில் இருக்கும் தாமிரத்திற்கும் இன்று நாம் பேசப்போகும் செய்திக்கும் தொடர்பில்லை என்பதையும் சொல்லிவிடுகின்றேன். பிறகு அதற்கும் யாரேனும் கடிதம் எழுதிவிடுவார்கள்.

இனி விஷயத்திற்கு வருவோம். மின்சாரம் ஒரு பொருளின் ஊடே செல்ல வேண்டுமானால், அதைச் சுமந்து செல்ல ஏதாவது வேண்டும். செம்புக் கம்பியில் அந்தச் சுமையை எலெக்ட்ரான்கள் தூக்கிச் செல்கின்றன. தண்ணீரில் அப்படித் தனித்துத் திரியும் எலெக்ட்ரான்கள் கிடையா. அங்கே சுமைதூக்கிகள் அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்களும் அணுத் தொகுதிகளும். வேறெதுவும் கலவாத தண்ணீரில் ஏறத்தாழ 55 கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்றுதான் பிரிந்து அயனிகளாகின்றது. சுமைதூக்க ஆளே இல்லாத சந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டர் நீளமும் அகலமும் உயரமும் உள்ள தூய நீர்க்கட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கிடையே மின்தடை சுமார் 1 கோடியே 80 லட்சம் ஓம் ஆகும். பையன் படித்த வாக்கியம் இந்தத் தண்ணீரைப் பற்றியது.

அந்தத் தண்ணீர் எங்கே இருக்கின்றது? தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் கொதிகலன்களுக்கும் கூடங்குளம் அணுமின் நிலையத்திற்கும் ஏறத்தாழ அந்தத் தரத்தில் நீரைச் சுத்திகரித்துத்தான் பயன்படுத்துகின்றார்கள். உப்புக் கலந்த நீர் அங்குள்ள குழாய்களை அரித்துவிடும். நீரின் தூய்மையை அங்கே எப்படி அறிகின்றார்கள் என்றால், அது எவ்வளவு மின்சாரம் கடத்துகின்றது என்று அளந்துதான். அத்தகைய நீரை ஒரு கண்ணாடிக் கோப்பையில் ஊற்றித் திறந்து வைத்தால், சற்று நேரத்திற்குள் காற்றிலுள்ள கரியமில வாயு அதில் கரைந்து அயனிகளாகிவிடும். தூய்மையும் போய்விடும். ஆகவே, நம் வீட்டில் எந்தப் பாத்திரத்திலும் அந்தத் தண்ணீர் இல்லை, ஒருபோதும் இருந்ததுமில்லை.

நம்மிடம் இருப்பது ஆற்று நீரும் கிணற்று நீரும். பொதிகை மலையில் மழையாக விழும்போது தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. பாறையிலும் மண்ணிலும் ஊறி ஓடும்போது சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், சோடியம் ஆகியவற்றின் உப்புகளைக் கரைத்துக்கொண்டே வருகின்றது. பாபநாசத்தில் இனிக்கும் நீர் கீழே வரவரக் கடுமை கூடுகின்றது. கடற்கரையோரம் காயல்பட்டினத்துப் பக்கம் கிணற்று நீர் உவர்ப்பதை அங்குள்ளவர்களிடம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. புன்னைக்காயலில் ஆறு கடலோடு சேர்ந்துவிடுகின்றது. கரைந்த உப்பு ஒவ்வொன்றும் அயனிகளாகப் பிரிந்து சுமைதூக்க நிற்கின்றது. இவ்வாறு உப்பு தண்ணீரில் தானாகவே பிரிந்து நிற்கின்றது என்று 1884இல் சுவீடன் நாட்டு மாணவர் அர்ரீனியஸ் தம் ஆய்வேட்டில் எழுதியபோது, பேராசிரியர்கள் அதை மதிக்காமல் மிகக் குறைந்த தகுதி கொடுத்து அனுப்பினார்கள். அதே கருத்துக்காக அவருக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்தது.

முன்னர்ச் சொன்ன ஒரு சென்டிமீட்டர் கட்டியை வைத்தே பார்ப்போம். நடுத்தரமான குழாய்த் தண்ணீருக்கு மின்தடை சுமார் 2,000 ஓம். கடல்நீருக்கு வெறும் 20 ஓம். 1 கோடியே 80 லட்சம் எங்கே, 20 எங்கே! காயல்பட்டினத்திற்கு அருகில் சாகுபுரத்திலுள்ள ரசாயன ஆலையில், உப்புக் கரைசலுக்குள் மின்சாரத்தைச் செலுத்தித்தான் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கின்றார்கள். தண்ணீர் கடத்தாது என்றால் அந்த ஆலையே இயங்காது.

இந்த வேறுபாட்டை முதன்முதலில் கவனமாக அளந்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ். 1770களில் மின்னோட்டத்தை அளக்கக் கருவி எதுவும் இல்லை. அவர் மழைநீரின் வழியாகவும் உப்புநீரின் வழியாகவும் தம் உடம்பிலேயே மின்னதிர்ச்சியை ஏற்று, எது பலமாக அடிக்கின்றது என்று ஒப்பிட்டு எழுதி வைத்தார். அந்தக் குறிப்புகளை 1879இல் மாக்ஸ்வெல் பதிப்பித்தபோது, கணக்குகள் வியக்கத்தக்க அளவுக்குச் சரியாக இருந்தன. அவர் பயன்படுத்தியது சேமித்து வைத்த சிறிதளவு மின்சாரம். இன்று நம் சுவரில் காத்திருக்கும் 230 வோல்ட் அன்று. ஆகவே பிள்ளைகள் யாரும் கேவண்டிஷைப் பின்பற்ற வேண்டாம்.

இங்கே ஒரு வியப்பான செய்தி உண்டு. உப்புக் கரிக்கும் கடல்நீர்கூட, செம்புக் கம்பியோடு ஒப்பிட்டால் ஒரு கோடி மடங்குக்கும் மேல் மட்டமான கடத்தி. அப்படியானால் தண்ணீர் ஏன் ஆளைக் கொல்கின்றது? விடை தண்ணீரில் இல்லை, நம் உடம்பில் இருக்கின்றது. மனிதனைக் கொல்ல மின்சாரம் அதிகம் வேண்டியதில்லை.

ஓர் ஆம்பியரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மில்லி ஆம்பியர். ஒரு மில்லி ஆம்பியர் உடம்பில் பாய்ந்தால் சுருக்கென்று உணர்வோம். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டும்போது கைத்தசைகள் தாமாகவே இறுகிக்கொள்கின்றன. பிடித்த பொருளை விட நினைத்தாலும் விட முடியாது. 'கரண்ட் இழுத்துக்கொண்டது' என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். மின்சாரம் எதையும் இழுப்பதில்லை. நம் கையே பிடித்துக்கொள்கின்றது. இன்னும் சில மடங்கு கூடி, சில விநாடிகள் நீடித்தால் இதயம் தன் தாளத்தை இழந்து நடுங்கத் தொடங்குகின்றது. அதன் பிறகு நிமிடங்கள்தான்.

உலர்ந்த தோலுக்கு மின்தடை அதிகம். தடித்த, காய்ந்த உள்ளங்கையில் அது லட்சம் ஓம் வரைகூட இருக்கும். அல்லாஹ் நமக்கு அளித்த மேலுறை அது. அதே தோல் நனைந்துவிட்டால் உடம்பு முழுவதற்குமான தடையே ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை ஆயிரம் ஓமால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். கொல்வதற்கு வேண்டியதைப்போல் பல மடங்கு. உம்மா பதறியது ஈரத்தைக் கண்டு. ஈரக்கை சுவிட்சைத் தொடும்போது துளித் தண்ணீர் இடுக்கு வழியே உள்ளே இறங்கி, உள்ளிருக்கும் மின்முனைக்கும் விரலுக்கும் பாலம் போட்டுவிடக்கூடும். கையில் வியர்வையும் சோப்பும் சேர்ந்திருந்தால் உப்பும் சேர்ந்துகொள்ளும். தூய நீரையே கையில் ஊற்றினாலும், தோலிலுள்ள வியர்வை உப்பு அதில் கரைந்து அந்த நொடியே அதன் தூய்மை போய்விடும்.

'ஃபியூஸ் இருக்கிறதே, அது போய்விடாதா?' என்று பலரும் நம்பியிருக்கின்றார்கள். இது ஆபத்தான நம்பிக்கை. வீட்டு ஃபியூஸ் 5 ஆம்பியருக்கோ 15 ஆம்பியருக்கோ போடப்பட்டது. ஒரு மனிதனின் உயிர் கால் ஆம்பியரில் போய்விடும். அந்தக் கால் ஆம்பியரை ஃபியூஸ் ஒரு சிறிய விளக்கின் சுமையாகத்தான் எண்ணிக்கொள்ளும். அது கம்பியைக் காக்க வைக்கப்பட்டது, நம்மைக் காக்க அன்று. இப்போது ஃபியூஸ் கட்டைக்குப் பதிலாகப் போடப்படும் எம்.சி.பி. என்னும் கருவியும் அப்படியே.

தண்ணீர் எந்த வடிவில் நிற்கின்றது என்பதும் முக்கியம். நடுத்தரமான குழாய்த் தண்ணீர், அரை அங்குலப் பிளாஸ்டிக் குழாய்க்குள் பத்து மீட்டர் நீளத்திற்கு நிற்பதாகக் கொள்வோம். கணக்குப் போட்டால் அந்த நீர்க்கோட்டின் தடை பத்து லட்சம் ஓமுக்கு மேல் வரும். அதன் வழியே வரும் மின்சாரத்தைக் கை உணரக்கூட மாட்டாது. அதே தண்ணீர் ஒரு வாளியில் அகன்று நிற்கும்போது, உள்ளே கிடக்கும் பழுதான ஹீட்டர் கம்பிக்கும் நாம் விடும் கைக்கும் இடையே உள்ள தடை சில நூறு ஓமைத் தாண்டாது. தண்ணீர் ஒன்றுதான், ஒன்று ஒரு விரற்கடை அகலமுள்ள நெடும்பாதை, மற்றொன்று திறந்த வாசல். குழாய் இரும்பாக இருந்துவிட்டாலோ தண்ணீரைப் பற்றிய பேச்சே இல்லை. மாடியில் மோட்டாரில் ஏற்படும் கசிவு, கீழே குளியலறைக் குழாய் வரை இரும்பின் வழியே வந்துவிடும். பழைய வீடுகளில் குழாயைத் தொட்டால் 'சுர்'ரென்று இருக்கின்றது என்பார்கள். அதைச் சொல்லிவிட்டு மறுநாளும் அதே குழாயில் குளிப்பார்கள். அந்தச் 'சுர்' மோட்டார் அனுப்பும் எச்சரிக்கை. ஈரம் கூடிய ஒரு நாளில் அது வேறுவிதமாக வரும்.

வாளிக்குள் போடும் ஹீட்டர் கம்பியைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். பிள்ளை பெற்ற பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் மார்கழிக் குளிரில் வெந்நீர் வைக்க, விலை மலிவான இந்தக் கம்பியைத்தான் பல வீடுகளில் பயன்படுத்துகின்றார்கள். சுருளின் மேலுறையில் மயிரிழை அளவு விரிசல் விழுந்தாலும் வாளித் தண்ணீர் முழுவதும் மின்னேறிவிடும். பார்வைக்குத் தெரியாது, தண்ணீர் வழக்கம்போல் சூடாகிக்கொண்டுதான் இருக்கும். பிளாஸ்டிக் வாளியாயிற்றே என்று தைரியம் கொள்பவர்கள் உண்டு. பிளாஸ்டிக் வாளியில் மின்சாரத்திற்குத் தரைக்குச் செல்ல வழியில்லை, வழிக்காகக் காத்திருக்கின்றது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, சூடு பார்க்க விரலை விடுகின்றவரே அந்த வழியாகிவிடுகின்றார். சுவிட்சை அணைத்துவிட்டுப் பார்த்தாலே போதாது. சில வீடுகளில் சுவிட்ச் மாறிப் பொருத்தப்பட்டு, அணைத்த பிறகும் ஒரு கம்பியில் மின்சாரம் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொடவேண்டும். கெய்சர் வைத்திருப்பவர்களும் அணைத்துவிட்டுக் குளிப்பதே நல்லது.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடி மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓராண்டு முழுவதும் பெய்யவேண்டியதைக் காட்டிலும் அதிகமான மழை ஒரே நாளில். திருச்செந்தூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் 60 சென்டிமீட்டரைத் தாண்டியது. தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி சந்திப்புப் பகுதிக்குள் புகுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. மாண்டவர்களில் சுவர் இடிந்து விழுந்தவர்களும் மின்சாரம் தாக்கியவர்களும் இருந்தனர். பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. 'கரண்டும் இல்லை, தண்ணீரும் இல்லை, செல்போனும் இல்லை' என்று மின்வாரியத்தைத் திட்டியவர்கள் அநேகர். அவர்கள் பட்ட துன்பம் பெரிது. ஆயினும் வெள்ளம் நின்ற தெருக்களில் மின்சாரத்தை நிறுத்தி வைத்தது சரியான செயலே. இடுப்பளவு சேற்று நீரில், மூழ்கிய மீட்டர் பெட்டிகளின் அருகில் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்; சாக்கடையும் மண்ணும் உப்பும் கலந்த அந்த நீர் குழாய்த் தண்ணீரைவிட நன்றாகவே கடத்தும்.

தெருவில் மின்சாரம் நின்றுவிட்டது என்பதால் வீட்டுக்குள்ளும் நின்றுவிட்டது என்று பொருளன்று. இன்வெர்ட்டர் வைத்துள்ள வீடுகளில் மின்கலத்திலிருந்து அதே 230 வோல்ட் வந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் அதைத் தரையில்தான் வைத்திருப்போம். தண்ணீர் முதலில் தொடுவது அதையே. வெள்ளம் வாசலுக்கு வருமுன் மெயின் சுவிட்சையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட வேண்டும். தண்ணீர் உள்ளே புகுந்த பிறகு, அதில் நின்றுகொண்டு மெயினை அணைக்கப் போகக்கூடாது. மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987க்குச் சொல்லித் தெருவிலேயே நிறுத்தச் செய்யலாம். வெள்ளம் வடிந்த பிறகு மோட்டாரையும் குளிர்ப்பெட்டியையும் இயக்கிப் பார்க்கும் அவசரம் எல்லோருக்கும் உண்டு. உள்ளே படிந்த சேறு காய்ந்ததுபோல் தெரிந்தாலும் ஈரமும் உப்பும் தங்கியிருக்கும். மின்பணியாளர் பார்த்த பிறகே சுவிட்சைப் போடவேண்டும்.

மழையில் அறுந்து விழுந்த கம்பியைப் பற்றியும் ஒரு சொல். கம்பி கிடக்கும் இடத்திலிருந்து ஈரத் தரை நெடுக மின்னழுத்தம் சுற்றிலும் படிப்படியாகக் குறைந்துகொண்டே பரவியிருக்கும். கால்களை அகட்டி நடந்தால் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையே அழுத்த வேறுபாடு ஏற்பட்டு, மின்சாரம் ஒரு கால் வழியே ஏறி மறு கால் வழியே இறங்கும். அருகில் சிக்கிக்கொண்டவர் இரு பாதங்களையும் ஒட்டி வைத்துக்கொண்டு, சிறு சிறு தாவல்களாக அல்லது பாதத்தைத் தேய்த்தபடி விலகவேண்டும். மழைக்காலத்தில் வயலில் மாடுகள் அதிகம் இறப்பதற்கும் இதுவே காரணம். மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே ஒரு பாகத் தொலைவு, நடுவில் இதயம்.

உப்புநீர் நன்றாகக் கடத்தும் என்றதால், நீந்துகின்றவருக்குக் கடல்தான் அதிக ஆபத்து என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. நம் உடம்புக்குள் ஓடும் இரத்தமும் நிணமும் உப்புநீரே. உடம்பு ஆற்று நீரைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்தும். கடல்நீரோ உடம்பைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்தும். கடலில் கசியும் மின்சாரம் எளிய வழியான கடல்நீரிலேயே பெரும்பாலும் பரவிப் போய்விடுகின்றது. ஆற்றிலோ கால்வாயிலோ கசிந்தால், அங்கே நீந்தும் மனிதனின் உடம்பே எளிய வழி. கை கால் தசைகள் இறுகி நீந்த முடியாமல் மூழ்கிவிடுகின்றார். பார்ப்பவர்கள் 'சுழலில் மாட்டிக்கொண்டார்' என்பார்கள். ஆற்றோரம் இறைக்கும் மோட்டாரின் கம்பி நீரில் நனைந்து கிடக்கும் இடத்தில் பிள்ளைகளைக் குளிக்க விடக்கூடாது. மின்கம்பியில் கொக்கி போட்டுக் கால்வாயில் மீன் பிடிப்பதும், பன்றிக்காக வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதும் சட்டப்படி குற்றம். அந்தக் கம்பிக்குப் பன்றியையும் பக்கத்து வயல்காரர் மகனையும் வேறுபடுத்தத் தெரியாது.

இதே அறிவியலைக் காட்டி நம் வீட்டுத் தாய்மார்களை ஏமாற்றும் ஒரு வித்தையும் ஊர் ஊராக நடக்கின்றது. சுத்திகரிப்புக் கருவி விற்க வருகின்றவர் இரண்டு கண்ணாடிக் குவளைகளை வைப்பார். ஒன்றில் நம் வீட்டுத் தண்ணீர், மற்றொன்றில் அவருடைய கருவியில் வடித்த தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை விட்டு மின்சாரம் செலுத்துவார். நம் தண்ணீர் பழுப்பாகவும் கறுப்பாகவும் திரிந்து அருவருப்பாகிவிடும். அவருடைய தண்ணீர் தெளிந்தே நிற்கும். "பார்த்தீர்களா, இதைத்தான் உங்கள் பிள்ளைகள் குடிக்கிறார்கள்!" என்பார். நம்மில் பலரும் அந்த இடத்திலேயே தவணைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகின்றோம். நடந்தது என்னவென்றால், உப்புள்ள தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துகின்றது; அந்த மின்சாரம் அவருடைய இரும்புக் கம்பியையே கரைத்துத் துருவாக்குகின்றது. குவளையில் மிதப்பது அவர் கொண்டுவந்த இரும்பு! வடித்த தண்ணீரில் உப்பு இல்லாததால் மின்சாரம் பாயவில்லை, கம்பி கரையவில்லை. ஐயமிருந்தால் அவருடைய தெளிந்த தண்ணீரில் நம் சமையலறை உப்பை ஒரு சிட்டிகை போட்டு, மறுபடி செய்து காட்டச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகிவிடும். (அந்தக் கம்பிகளை மட்டும் நீங்கள் தொடவேண்டாம், அது சுவர் மின்சாரம்.) அவர்கள் காட்டும் சிறு பேனா போன்ற அளவுகருவியும் தண்ணீர் கடத்தும் மின்சாரத்தைத்தான் அளக்கின்றது. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது விரும்பத்தக்கது என்பதே இந்தியத் தர நிர்ணயம். அந்தக் கருவிக்குக் கிருமி தெரியாது. நகரத்துக் கழிவு கலந்த ஆற்று நீரில் உப்பு குறைவாகவும் கிருமி மிகுதியாகவும் இருக்கலாம். பேனா நல்ல எண்ணையே காட்டும். கொதிக்க வைத்த நீரில் உப்பு குறையாது, கிருமி செத்துவிடும். உப்பு மிகுந்த நிலத்தடி நீர் உள்ள ஊர்களில் இத்தகைய கருவி உண்மையிலேயே பயன்படும் என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம். வித்தையைக் கண்டு வாங்காதீர்கள்.

வீட்டில் உண்மையாகவே உயிரைக் காக்கும் கருவி வேறொன்று. கடைகளில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டு வாங்கவேண்டும், எம்.சி.பி. அன்று. வீட்டுக்குள் போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று இது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவு வேறு வழியாக, அதாவது ஒரு மனிதனின் உடம்பு வழியாகத் தரைக்குப் போனாலும், இதயம் தடுமாறுவதற்கு முன் நொடியின் ஒரு சிறு பங்கில் இணைப்பைத் துண்டித்துவிடும். அதன் முகப்பில் ஒரு சோதனைப் பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும். அழுத்தியும் விழாவிட்டால் கருவி செத்துவிட்டது என்று பொருள். ஒரு குறையையும் சொல்லிவிடுகின்றேன்: ஒரே நேரத்தில் இரு கம்பிகளையும் இரு கைகளால் பிடித்து, தரைத் தொடர்பின்றி நிற்பவரை இக்கருவி காக்காது. பெருநாள் துணிக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதி இதற்குப் போதும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஹவுளுக்கு நீர் இறைக்கும் மோட்டாரும், உளூச் செய்யும் குழாய்களும், மேலே மின்விசிறியும் விளக்கும் ஒரே ஈரமான இடத்தில் இருக்கின்றன. அங்கே எல்லோரும் வெறுங்காலோடு, முழங்கை வரை நனைந்து நிற்கின்றார்கள். உளூச் செய்த கையோடு நேராகப் போய் விசிறிப் பொத்தானைப் போடுபவர்களில் மதரஸாவுக்கு வரும் சிறுவர்களே அதிகம். பொத்தான் பலகையை ஹவுளை விட்டுத் தள்ளி, உயரத்தில் மாற்றுவதும், மோட்டார் இணைப்புக்கு முன்சொன்ன கருவியைப் போடுவதும் ஜமாஅத்துக்குப் பெரிய செலவன்று. அலங்கார விளக்குகளுக்காக மழையில் ஒட்டுப்போட்ட கம்பிகளை இழுப்பதையும் இத்துடன் சேர்த்து யோசிக்கலாம்.

ஒருவர் மின்சாரத்தில் சிக்கிக்கொண்டால் நமக்கு வரும் முதல் எண்ணம் ஓடிப்போய்ப் பிடித்திழுப்பது. மகனைப் பிடித்த தாயும், தாயைப் பிடித்த தந்தையும் ஒரே இடத்தில் மாண்ட செய்திகளை நாளிதழ்களில் எத்தனை முறை படித்திருக்கின்றோம்! முதலில் மெயினை அணைக்கவேண்டும். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் கம்பியைத் தள்ளவேண்டும். காய்ந்த என்ற சொல்லைக் கவனியுங்கள். பத்தமடையில் பாய் முடைகின்றவர்கள் கோரையை நாட்கணக்கில் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். உலர்ந்த கோரைப்பாய் மின்சாரத்தைத் தடுக்கும், ஊறிய கோரை கடத்தும். மரமும் கயிறும் துணியும் அப்படியே. விடுபட்டவருக்கு மூச்சு இல்லையென்றால் 108க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்திற்கு நூறுக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். முகத்தில் தண்ணீர் தெளிப்பதும், மணலில் புதைப்பதும் நேரத்தை வீணாக்கும்.

இனி, எர்த் குழியைப் பற்றி. மோட்டாரின் உடல் மின்னேறினால் அதைத் தரைக்குள் கொண்டுசெல்ல, வீட்டோரம் குழி தோண்டி இரும்புக் குழாயோ செம்புத் தகடோ புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் நிரப்புவார்கள். இதுவரை நாம் அஞ்சிய அதே உப்பும் தண்ணீரும் இங்கே காவலாக நிற்கின்றன. குழி காய்ந்துவிட்டால் மண் கடத்தாது. எர்த் கம்பி பெயருக்குத்தான் தொங்கும். நம் மாவட்டத்தில் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் மண் வெடித்துக் கிடக்கும்போது பெரும்பாலான குழிகளின் நிலை இதுதான். குழியின் மேல் சிமெண்ட் பூசி மூடிவிட்டவர்கள் வாய்க்குத் திறப்பு வைத்துக்கொள்ளவேண்டும். கோடையில் வாரத்திற்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும். உவர்நீரானால் இன்னும் நல்லது.